எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதல் பெடல்கள்: வாங்குவது, வரிசையாக வைப்பது, திருகிப் பழகுவது

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி நாலைந்து கார்டுகள் கைக்குப் படிந்ததும் அடுத்த ஆசை பெடல்மேல், அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள்மேல், போகும். நியாயமான ஆசைதான். கம்பியின் அதிர்வை பிக்அப் ஒரு சிறிய மின் சமிக்ஞையாக மாற்றி அனுப்புகிறது. அது காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில் பாதி வேலை கிட்டாருக்கு வெளியே நடக்கிறது. ஆனால் "எந்த பெடல் நல்லது" என்று தேடித் தேடியே புதியவர்களின் நேரமும் பணமும் கரைகின்றன. அதைவிட முக்கியமானவை இரண்டு. பெடல்களை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது ஒன்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு சத்தம் போகிறது என்பது இன்னொன்று. எந்த பெடலும் தனக்கு முன்னால் உள்ளவை அனுப்பியதைத்தான் வாங்கி வேலை செய்கிறது. நல்லதையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். இது பிடிபட்டுவிட்டால் சாதாரண பெடல்களை வைத்தே நல்ல ஒலி எடுக்கலாம்.

இங்கே ஒரு கிட்டார், ஒரு சிறிய ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), மூன்று பெடல்கள் என்ற அளவில் தொடங்குவோம்: சுருதி பார்க்கும் ட்யூனர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், எதிரொலி தரும் டிலே. மேடையில் வாசிக்கும் பலருக்கும் இந்த மூன்றே போதும்.

முதலில் பெடல் இல்லாமல்

கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். ஆம்பில் க்ளீன் சேனல் (கரகரப்பில்லாத ஒலி), கெயின் (உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) குறைவாக, பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் நடுவில், ரிவெர்ப் (அறை முழக்கம்) பூஜ்யத்தில். இப்போது கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழை 10இலிருந்து 7க்கும், பிறகு 5க்கும் இறக்கி வாசித்துப் பாருங்கள். சத்தம் மட்டுமல்ல, ஒலியின் கூர்மையும் குறைவது கேட்கும். பிரிட்ஜ் பிக்அப்பில் ஒருமுறை, நெக் பிக்அப்பில் ஒருமுறை வாசியுங்கள். பிக்கை மென்மையாகப் பிடித்தும் அழுத்தியும் அடித்துப் பாருங்கள். இந்த மூன்று வித்தியாசங்களும் காதுக்குத் தெளிவாகத் தெரிகிற வரை பெடல் பக்கம் போக வேண்டாம். நல்ல ஓவர்டிரைவ் பெடல் இந்த வித்தியாசங்களுக்குத்தான் பதில் சொல்லும்.

இந்த வெறும் ஒலியே பிடிக்கவில்லை என்றால் முதலில் கம்பியைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மங்கிப்போன கம்பியின் ஒலியை எந்த பெடலாலும் மீட்க முடியாது. புதுக் கம்பி செட்டின் விலை எந்த பெடலையும்விடக் குறைவு.

கரண்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

புதிய பெடலை ஒரே நொடியில் கெடுத்துவிடக்கூடியது தவறான அடாப்டர். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசியில் ஓடுபவை. அடாப்டர் முனையின் நடுப்பகுதி நெகட்டிவ், வெளிச்சுற்று பாசிட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரௌட்டர் அடாப்டரின் முனையும் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், அதுவும் நடுவில் பாசிட்டிவ். செருகினால் பொருந்தும், பெடலின் கதை அதோடு முடிந்துவிடலாம். பெடலிலும் அடாப்டரிலும் வட்டத்தோடு பிளஸ், மைனஸ் குறி அச்சிட்டிருப்பார்கள். இரண்டு குறிகளும் ஒன்றாக இருக்கின்றனவா, வோல்ட் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

அடுத்தது மில்லி ஆம்பியர். பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும், அதனால் அடாப்டரின் மில்லி ஆம்பியர் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் சிக்கல். சாதாரண அனலாக் ஓவர்டிரைவுக்கு 10, 20 மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலேயும் ரிவெர்பும் 50இலிருந்து 300 வரைகூடக் கேட்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் வைத்து வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து பல முனைகள் கிளம்பும் டெய்சி செயின் ஒயர் விலை குறைவு. இரண்டு மூன்று அனலாக் பெடல்களுக்குப் போதும். அதில் டிஜிட்டல் பெடல் சேரும்போது மெல்லிய கீச்சொலி கேட்க ஆரம்பிக்கலாம். அப்போது ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த மின்சாரம் தரும் ஐசோலேட்டட் பவர் சப்ளைக்கு மாறுவதே வழி. அதற்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது, பெடல்கள் மாறினாலும் அது உங்களோடேயே இருக்கும்.

பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். இன்புட் ஜாக்கில் கேபிள் செருகிய கணத்திலிருந்து பேட்டரி செலவாகத் தொடங்கிவிடும், பெடலைக் காலால் மிதித்து ஆன் செய்தாலும் செய்யாவிட்டாலும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

இணைப்பது

ஆம்பின் வால்யூமை இறக்கிவிட்டு இணையுங்கள். பெடலை உங்களைப் பார்த்து வைத்தால் வலது பக்கம் இன்புட், இடது பக்கம் அவுட்புட். சிலவற்றில் இரண்டும் மேல் விளிம்பில் இருக்கும். கிட்டாரிலிருந்து ட்யூனர், ட்யூனரிலிருந்து ஓவர்டிரைவ், அதிலிருந்து டிலே, டிலேயிலிருந்து ஆம்ப். நடுவில் இணைக்கக் குட்டி பேட்ச் கேபிள்கள் வேண்டும். மிக மலிவான பேட்ச் கேபிள்களைத் தவிர்த்துவிடுங்கள். பெடல் வரிசையில் சத்தம் திடீரென்று நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான்.

கேபிள் நீள நீள ட்ரெபிள் குறையும், ஏனென்றால் கேபிளுக்கே ஒரு கெபாசிட்டன்ஸ் உண்டு. பஃபர் (நீளமான கேபிளிலும் மங்காமல் சமிக்ஞையை வலுவாக அனுப்பும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடல் வரிசையில் இருந்தால் இந்த இழப்பு பெரிதும் நிற்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் கையடக்க பெடல்கள் அணைத்திருக்கும்போதும் பஃபராக வேலை செய்பவை. "ட்ரூ பைபாஸ்" (அணைத்தால் சமிக்ஞை சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடப்பது) என்று எழுதியிருந்தால்தான் உயர்ந்த பெடல் என்று கடையில் சொல்லக் கேட்கலாம். எல்லா பெடல்களும் ட்ரூ பைபாஸாக இருந்து, கேபிளும் நீளமாக இருந்தால் ஒலி மங்கும் என்பதுதான் உண்மை. ஒரு பஃபர் இருப்பது நல்லது.

ட்யூனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வாங்க வேண்டியது அதுதான். மிதித்தால் சத்தம் அடங்கி, சபை அறியாமல் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். டிரைவ், அதாவது கரகரப்பு, கூடக்கூட சுருதிப் பிசகு பல மடங்காகக் கேட்கும்.

ஓவர்டிரைவ்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

சமிக்ஞையை ஓர் அளவுக்கு மேல் பெருக்கினால் சர்க்யூட்டால் தாங்க முடியாமல் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிய ஹார்மானிக்ஸ் (மேல் அதிர்வுகள்) பிறக்கின்றன. ஒலி தடித்து, கரகரப்பாகி, நீளமாக நிற்கிறது. உச்சி மெல்ல மழுங்கினால் ஓவர்டிரைவ். கறாராக வெட்டினால் டிஸ்டார்ஷன். கிட்டத்தட்டச் சதுர அலையாகும்வரை போனால் ஃபஸ். மூன்றும் ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் பரவலாக விற்ற முதல் பெடல் பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோ ஒன்றில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு பதிவானபோது, கிராடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார் மிக்ஸரின் பழுதான சேனல் வழியாகப் போய்க் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அதே கரகரப்பைத் தரும் ட்ரான்சிஸ்டர் சர்க்யூட்டைப் பிறகு உருவாக்கினார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை ஒரு பாட்டில் பயன்படுத்திய பிறகுதான் ஊரெல்லாம் தேட ஆரம்பித்தார்கள்.

முதல் பெடலாக ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷனை வாங்குகிறவர்கள் பலர். 1978இலிருந்து விற்கிற, நன்றாக உழைக்கிற பெடல் அது. ஆனாலும் கற்றுக்கொள்ள ஓவர்டிரைவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர், பாஸ் எஸ்டி-1, அவற்றின் வழியில் வரும் மலிவான வகைகள், எதுவானாலும் சரி. அதிக டிஸ்டார்ஷனில் மெல்ல அடித்தாலும் அழுத்தி அடித்தாலும் ஒரே மாதிரி கேட்கும்; விரல் செய்யும் தப்புகள் மறைந்துபோகும், விரல் செய்யும் நல்லதும் மறைந்துபோகும். ஓவர்டிரைவ் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

மூன்று குமிழ்கள் இருக்கும்: டிரைவ், டோன், லெவல். பெயர் கொஞ்சம் மாறலாம். குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக வைத்துப் பேசுவது வழக்கம். நேர் மேலே இருந்தால் 12 மணி.

டிரைவை அடியோடு குறையுங்கள். டோன் 12 மணி. ஒரு கார்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே பெடலை ஆன், ஆஃப் செய்து, இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்வரை லெவலைத் திருகுங்கள். இதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். சத்தம் கூடினாலே நம் காது "இது நன்றாக இருக்கிறது" என்று நம்பிவிடும். அளவைச் சமப்படுத்திய பிறகுதான் ஒலியின் தன்மை உண்மையிலேயே மாறியதா என்று தெரியும்.

இப்போது டிரைவை மெல்ல ஏற்றுங்கள். ஏற்றும்போது சத்தமும் கூடும், அதற்கேற்ப லெவலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மெல்ல அடித்தால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் உடைந்தும் கேட்கிற ஓர் இடம் வரும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்அப்) கிட்டாரில் அது கொஞ்சம் தள்ளி வரும், ஹம்பக்கரில் (இரட்டைச் சுருள் பிக்அப்) முன்னதாகவே வந்துவிடும். அங்கே நிறுத்துங்கள். கிட்டாரின் வால்யூமை 6க்கு இறக்கினால் ஒலி தெளியும், 10க்கு ஏற்றினால் கரகரக்கும். பெடலைத் தொடாமலே ஒரே பெடலில் இரண்டு ஒலிகள் கையில் கிடைத்துவிட்டன. பாட்டின் சரணத்துக்கு 6, பல்லவிக்கு 10 என்று வாசித்துப் பழகுங்கள்.

டோன் குமிழைக் கடைசியாகத் தொடுங்கள். காதைக் குத்தினால் குறையுங்கள், போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் ஏற்றுங்கள்.

கார்டுகள் குழம்புகின்றனவா? டிரைவ் கூடும்போது முழு மேஜர், மைனர் கார்டுகளில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய, தேவையற்ற சத்தங்களைக் கிளப்பும். அதனால்தான் ராக் இசையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பவர் கார்ட் இவ்வளவு புழங்குகிறது. காந்தாரத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு டிரைவிலும் கார்ட் உடையாமல் நிற்கும். முழு கார்ட்தான் வேண்டும் என்றால் டிரைவைக் குறையுங்கள்.

ட்யூப் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாயால் பெருக்குவது) வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகவும் செய்து பார்க்க வேண்டும். ஆம்பை அது லேசாக உடையத் தொடங்கும் அளவில் வைத்து, பெடலில் டிரைவைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலும் லெவலை நிறைய ஏற்றியும் வையுங்கள். இப்போது பெடல் ஆம்பைத் தள்ளுகிறது. கரகரப்பு ஆம்பின் ட்யூப்பிலிருந்து வருகிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ட்யூப் ஸ்க்ரீமர் வைத்திருந்தது அந்த வகை ஒலிக்காகத்தான். சிறிய ட்ரான்சிஸ்டர் ஆம்பின் க்ளீன் சேனலில் இது பெரும்பாலும் சத்தத்தை மட்டுமே கூட்டும்.

டிலே

மூன்று குமிழ்கள்தான் இதன் உயிர். டைம் என்பது எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பது, மில்லி செகண்டில். ஃபீட்பேக் என்பது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது. லெவல் அல்லது மிக்ஸ் என்பது எதிரொலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது.

முதலில் 100 மில்லி செகண்டை ஒட்டி டைமை வைத்து, ஒரே ஒரு எதிரொலி வருமாறு ஃபீட்பேக்கைக் குறைத்து, லெவலைத் தாராளமாக வையுங்கள். 1950களின் ராக் அண்ட் ரோல் பதிவுகளில் கேட்கும் ஸ்லாப்பேக் இதுதான். அன்று டேப் மெஷினில் எடுத்தார்கள். ஸோலோவுக்கு 400ஐ ஒட்டி டைம், மூன்று எதிரொலிகள், லெவல் நன்றாகக் குறைவு. டிலே ஆன் ஆகியிருப்பது தெரியாமல், அணைத்தால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். அந்த அளவே சரி.

தாளத்தோடு வாசிக்கும்போது கணக்கு வேண்டும். 60,000ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வரும். 120 பிபிஎம் என்றால் 500. 100 பிபிஎம் என்றால் 600. டைமை அந்த எண்ணில் வைத்தால் எதிரொலி சரியாக அடுத்த அடியில் விழும். அதில் முக்கால் பங்கு, அதாவது 120இல் 375, வைத்துவிட்டு அரை அடிக்கு ஒரு ஸ்வரமாக வாசித்துப் பாருங்கள். நீங்கள் வாசிக்காத இடைவெளிகளில் எதிரொலி வந்து உட்கார்ந்து, இரண்டு கிட்டார்கள் ஓடுவதாகக் கேட்கும். யூ2 குழுவின் எட்ஜ் இந்த முறையை உலகறியச் செய்தார். மெட்ரோனோம் இல்லாமல் இதைப் பழகாதீர்கள். நீங்கள் தாளம் தப்பினால் எதிரொலி உங்களோடு வராது. டேப் (tap) டெம்போ உள்ள பெடலில் தாளத்தைக் காலால் தட்டினாலே போதும், கணக்கு போட வேண்டாம்.

கிட்டாரில் ராகம் வாசிக்க முயல்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கமகத்தின்மேல் நீளமான டிலே சேரவே சேராது. கடந்துபோன ஸ்வரத்தின் எதிரொலி அடுத்த ஸ்வரத்தின் அடியில் வந்து நின்று அசைவையே அழித்துவிடும். அங்கே உதவுவது கம்ப்ரெஸ்ஸர். கம்பியை இழுக்கும்போது தேய்ந்துகொண்டே போகும் ஒலியை அது தூக்கிப் பிடிப்பதால், இழுப்பின் கடைசி அசைவும் காதில் விழும். ட்யூனருக்கு அடுத்து, ஓவர்டிரைவுக்கு முன்னால் வையுங்கள். தேய்கிற ஒலியோடு இரைச்சலையும் அது தூக்கும் என்பதால் சஸ்டெயின் குமிழில் கை கட்டுப்பாடு வேண்டும்.

வரிசை ஏன் இப்படி

டிலேயைக் கொஞ்ச நேரம் ஓவர்டிரைவுக்கு முன்னால் மாற்றி வைத்து வாசியுங்கள். எதிரொலிகளும் மூல ஒலியும் சேர்ந்தே டிரைவுக்குள் போய் நசுங்கி, ஒரே குழம்பாக வெளிவரும். பின்னால் வைத்தால், கரகரத்த ஒலி முழுதாக உருவான பிறகு அது தெளிவாகத் திரும்ப ஒலிக்கும். ஒருமுறை காதால் கேட்டுவிட்டால் வரிசை மறக்காது.

இதே காரணத்தால் பொதுவான வரிசை ட்யூனர், வா (wah, காலால் ஆட்டி ஒலியை 'வா-வா' எனப் பேச வைப்பது), கம்ப்ரெஸ்ஸர், டிரைவ் வகைகள், ஒலியை அலைய வைக்கும் கோரஸ், ஃபேஸர் போன்றவை, டிலே, கடைசியில் ரிவெர்ப் என்று அமைந்தது. மீறக் கூடாத சட்டம் இல்லை, ஆனால் மீறும்போது தெரிந்து மீறுங்கள்.

ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷன் சேனலைப் பயன்படுத்தினால் டிலே மறுபடி டிரைவுக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறது. ஆம்பின் பின்புறம் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்குகள் இருந்தால் அதுதான் எஃபெக்ட்ஸ் லூப். செண்டிலிருந்து டிலேயின் இன்புட், டிலேயின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்ன். குழப்பம் தீர்ந்தது. லூப் இல்லாத சிறிய ஆம்ப் என்றால் ஆம்பை க்ளீனில் வைத்து டிரைவை பெடலிலிருந்தே எடுங்கள்.

அறையில் நன்றாக இருந்தது பாண்டில் காணாமல் போவது

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். அதனால் வீட்டு அறையில் அவற்றை ஏற்றி, மிடிலைக் குறைத்து வைத்தால் தனியாக அருமையாக இருக்கும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அடிப்பகுதி முழுக்க அவற்றுக்குப் போய்விடும், உச்சியை சிம்பல்கள் எடுத்துக்கொள்ளும். கிட்டாருக்கு மிஞ்சும் இடம் நடுப்பகுதி, அதை நீங்களே வெட்டியிருப்பீர்கள். ஒத்திகையில் பாஸைக் குறைத்து மிடிலை ஏற்றுங்கள், டிரைவையும் கொஞ்சம் குறையுங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக் காட்டுவதால்தான் பாண்டில் இவ்வளவு உதவுகின்றன. பிடித்த அமைப்பு கிடைத்ததும் குமிழ்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போனில் வாசிக்கும் அபார்ட்மெண்ட்வாசிகள் டிரைவ் பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) செருகினால் தேனீக்கூட்டம் மாதிரி கேட்கும். பெடலின்மேல் தப்பில்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும், ஹெட்போன் வடிகட்டாது. கம்ப்யூட்டரில் ஆம்ப், கேபினெட் சிமுலேஷன் மென்பொருளை ஓட்டுங்கள், இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமெண்ட் இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரைச்சல் வந்தால்

எல்லா பெடலையும் கழற்றி கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். அப்போதும் ம்ம்ம் என்று உறுமினால் பெடலில் தேடிப் பயனில்லை. சிங்கிள் காயில் பிக்அப் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும்; நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் குறையும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். நடு வேகத்தில் ஓடும் ஃபேன் ஆம்பில் சரசரப்பாகக் கேட்பது நம் வீடுகளில் சாதாரணம். நேராகச் செருகும்போது அமைதி என்றால் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், சத்தம் தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

கம்பியைத் தொட்டால் சுரீரென்று கரண்ட் அடிக்கிறதா? உடனே வாசிப்பதை நிறுத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுமலைக் குறைக்க ஆம்பின் மூன்று பின் ப்ளக்கிலிருந்து எர்த்தைத் துண்டிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து என்ன

ஆம்பில் ரிவெர்ப் இருந்தால் தனி ரிவெர்ப் பெடல் இப்போதைக்கு வேண்டாம். கோரஸ் க்ளீன் ஒலிக்கு அழகு சேர்க்கும். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்பில் உள்ளேயே இருந்த கோரஸைத்தான் அடுத்த வருடம் பாஸ் சிஇ-1 என்ற தனி பெடலாக வெளியிட்டார்கள். ஆனால் எல்லாப் பாட்டிலும் போட்டால் சலித்துவிடும். ஃபஸ் ஆசை இருப்பவர்கள் பழைய பாணி ஃபஸ் ஃபேஸ் வகையை பஃபருக்கு முன்னால், கிட்டாருக்கு அடுத்து வைக்க வேண்டும். பஃபருக்குப் பின்னால் வைத்தால் அதன் குணமே மாறும். சென்னை, மதுரை வெயிலில் ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் சூடேறித் தடுமாறும், சிலிக்கான் வகை நிலையாக இருக்கும்.

இத்தனைக்கும் பணம் இல்லை என்றால் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்கள் ஒரே பெட்டியில்) வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஸூம், பாஸ் நிறுவனங்களின் சிறிய மாடல்களிலேயே மேலே சொன்ன எல்லாம் இருக்கும். அதோடு வரும் ப்ரீசெட்களில் (தயாராக வரும் ஒலி அமைப்புகள்) பலவும் கடையில் அசத்துவதற்காக எல்லாவற்றையும் ஆன் செய்து வைத்தவை. காலியான ஓர் ஒலி அமைப்பைத் திறந்து, ஆம்ப், ஓவர்டிரைவ், டிலே என்று இந்தக் கட்டுரையின் வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பழைய பெடல் வாங்கப் போனால் உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு குமிழையும் வாசித்துக்கொண்டே முழுச் சுற்றும் திருப்புங்கள். கரகரவென்றால் உள்ளே தூசி, பெரும்பாலும் காண்டாக்ட் க்ளீனரில் சரியாகும். கால் ஸ்விட்சைப் பல முறை மிதியுங்கள்; ஒருமுறை பிடித்து ஒருமுறை விட்டால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜாக்கில் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது சர்க்யூட் போர்டு வரை பரவியிருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.